கார் இன்ஜின் பறக்குது... என்ன ஆயில் ஊத்துறது?

கடலூர் டு சிதம்பரம் ரூட்டில் பஸ்ஸின் முன் சீட் கிடைத்தவர்களுக்கு இது பழக்கமான மியூசிக். புதுச்சத்திரம் பக்கம் ரோடு கொஞ்சம் ஃப்ரீயானதும் டிரைவர் ஒரு மிதி மிதிப்பார். இன்ஜின் உறுமும். அடுத்த ஸ்டாப்பிங் வந்ததும் அடங்கும். மறுபடி உறுமும், மறுபடி அடங்கும்.

அதே லேலண்ட் குடும்பத்து இன்ஜினை கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நிற்கிற விசைப்படகுகளுக்குள்ளேயும் பார்க்கலாம். ஆனால், கடலில் ஸ்டாப்பிங்கும் கிடையாது, சிக்னலும் கிடையாது. வலையை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே தம்!

இப்போ மூணாவதா ஒண்ணு. ரோட்டில் ஓடுறதுக்குன்னே பிறந்த ஒரு இன்ஜினைக் கழற்றி, ஒரு ப்ரொப்பல்லரை மாட்டி, வானத்துக்கு அனுப்பினா? "சும்மா ரீல் விடாதீங்க பாஸ்" என்கிறீர்களா? நூறு வருஷமா நடக்கிற கதை இது. அப்படிப் பறக்கிறவர்களை விடாமல் துரத்துகிற கேள்வி ஒண்ணு உண்டு. கார் ஆயில் ஊத்துறதா, விமான ஆயில் ஊத்துறதா?

கேட்க ரெண்டு மார்க் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால், ரோட்டில் இன்ஜின் சீஸ் ஆனால் வண்டியை ஓரங்கட்டிட்டு டீ குடிக்கலாம். மூவாயிரம் அடி உயரத்தில் ஓரம் ஏது?

பறந்த கார்கள்

1929. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்கிற குட்டி ஊர். அங்கே பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல்-ஏ காரின் 40 குதிரைசக்தி இன்ஜினை, மரத்தாலும் துணியாலும் செய்த விமானத்தில் மாட்டிப் பறந்து காட்டினார். விமானத்தின் பெயர் 'ஏர் கேம்பர்'. அதன் பிளானை வைத்து வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அடுத்த ஹீரோ, நம்ம 'ஆமை கார்' ஃபோக்ஸ்வாகன் பீட்டில். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும். எடையும் கம்மி. குட்டி விமானம் கட்டுகிறவர்களுக்கு வேறென்ன வேணும்? ஜெர்மனியின் லிம்பாக் கம்பெனி பீட்டில் இன்ஜினை அடிப்படையாக வைத்து முறைப்படி சான்றிதழ் பெற்ற விமான இன்ஜின்களே செய்தது. பிறகு செவர்லே கார்வேர், சுபாரு என்று வரிசை நீண்டது. நம்ம ஊர் மாருதி ஜிப்ஸியிலும் எஸ்டீமிலும் இருந்த சுஸுகி ஜி-13 குடும்பத்து இன்ஜின்கூட வெளிநாட்டில் குட்டி விமானங்களில் ஏறியிருக்கு தெரியுமா!

இதெல்லாம் பொழுதுபோக்குப் பார்ட்டிகள் வேலை என்று நினைத்தால், அதுவும் தப்பு. மெர்சிடிஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் காரின் டீசல் இன்ஜினை அடிப்படையாக வைத்து ஜெர்மனியின் தீலர்ட் கம்பெனி ஒரு விமான இன்ஜின் செய்தது. 2002-ல் அதுக்கு சான்றிதழும் கிடைத்தது. ஆஸ்திரியாவின் ஏஇ-300 இன்ஜினும் ஒரு மெர்சிடிஸ் கார் டீசலின் வாரிசுதான். பைலட் பயிற்சிக்குப் பயன்படும் டயமண்ட் டிஏ-42 விமானத்தில் இந்த மாதிரி கார் ரத்தம்தான் ஓடுது.

நம்ம பக்கத்துக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. 1910-ல் சென்னை மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்செலிஸ், தன் விமானத்தைச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தது எங்கே தெரியுமா? வண்டிகளுக்கு பாடி கட்டுகிற சிம்ப்சன் கம்பெனியில்! பல்லாவரத்தில்தான் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். ஆக, வானத்துக்கும் வண்டிப் பட்டறைக்கும் உறவு ரொம்பப் பழசு.

ஆயிலுக்கு அஞ்சு வேலை

'ஆயில்னா வழுவழுப்பு. அவ்வளவுதானே?' இல்லை. ஆயில் அஞ்சு ஷிப்ட் பார்க்கிற தொழிலாளி.

ஒண்ணு, உரசுகிற ரெண்டு இரும்புக்கு நடுவே படலமாகப் புகுந்து ஒண்ணை ஒண்ணு தொடவிடாமல் பிரித்து வைப்பது. ரெண்டு, பிஸ்டன், பேரிங் மாதிரி தண்ணீர் போய்த் தொட முடியாத இடத்துச் சூட்டை வாங்கிவந்து வெளியே விடுவது. மூணு, கரி, தூள், கசடு எல்லாவற்றையும் அள்ளிவந்து ஃபில்ட்டரில் கொட்டுவது. நாலு, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே சந்தை அடைப்பது. அஞ்சு, இன்ஜின் சும்மா நிற்கும்போது உள்ளே துரு ஏறாமல் காவல் காப்பது.

கடைசி வேலையை அலட்சியமா நினைக்காதீங்க. ஆபீஸ் போகிற கார் தினமும் ஓடும். சொந்த விமானம் வைத்திருப்பவர் மாசத்துக்கு ரெண்டு தடவை பறந்தாலே பெரிய விஷயம். மீதி நாளெல்லாம் உள்ளே ஈரக் காற்று உட்கார்ந்துகொண்டு கேம் ஷாஃப்ட்டைத் தின்னும். கடலூர் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம்!

அந்த 'டபிள்யூ' யாருங்க?

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். இதில் டபிள்யூ என்பது 'வின்ட்டர்'. முதல் நம்பர், குளிரில் ஆயில் எவ்வளவு இளகுவாக ஓடும் என்பதற்கு. சின்ன நம்பர் என்றால் அதிகக் குளிரிலும் ஓடும். ரெண்டாவது நம்பர், 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுக்கு எவ்வளவு என்பதற்கு. 30-ஐ விட 40 கெட்டி. 40-ஐ விட 50 கெட்டி.

இப்போ விமான ஆயில் டப்பாவைப் பாருங்க. சில பிராண்டுகளில் டபிள்யூ100 என்று இருக்கும். 'அடேங்கப்பா, நூறா? கார் ஆயிலை விட ரெண்டு மடங்கு கெட்டியோ?' அதான் இல்லை. விமான ஆயிலின் 100-ம் கார் ஆயிலின் 50-ம் ஏறக்குறைய ஒரே கெட்டி. விமான ஆயிலின் 80 என்றால் நம்ம 40. அளவுகோல் வேற, அவ்வளவுதான். அங்கே டபிள்யூ என்பது வின்ட்டரும் இல்லை. கசடைக் கரைத்து வைத்துக்கொள்கிற, சாம்பல் விடாத மருந்து கலந்த ஆயில் என்று அர்த்தம். ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம். நம்பரை மட்டும் பார்த்து ஆயில் வாங்குகிறவர் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இதுதான்.

இருபது மார்க் வேலை, எழுபத்தஞ்சு மார்க் வேலை

இனிதான் மெயின் பிக்சர்.

60 குதிரைசக்தி உள்ள ஒரு சின்ன கார் சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக எவ்வளவு சக்தி வேணும்? காற்றின் எதிர்ப்பு, டயர் உருளும் எதிர்ப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்க. 10 முதல் 15 குதிரைக்குள் விடை வரும். அதாவது, தன் பலத்தில் கால்வாசியைக்கூட காட்டாமல் வாழ்நாள் முழுக்க ஜாலியாக ஓடிவிடுகிறது கார் இன்ஜின்.

விமானத்தில்? டேக்-ஆஃப் என்றால் முழு மூச்சு. மேலே போன பிறகும் 65 முதல் 75 சதவீதம் சக்தியை மணிக்கணக்கில் விடாமல் கொடுக்கணும். செமஸ்டருக்கு செமஸ்டர் பார்டர் மார்க்கில் தேறிக்கொண்டிருந்தவனை, திடீரென்று எல்லா பேப்பரிலும் டிஸ்டிங்ஷன் வாங்கு என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

விளைவு சூடு. அதிக சக்தி எடுத்தால் பிஸ்டனும் பேரிங்கும் அதிகம் காயும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஆயில் தலையில்தான் விழும். சூடானால் ஆயில் நீர்த்துப் போகும். நீர்த்தால் படலம் மெலியும். மெலிந்தால் இரும்பு இரும்பைத் தொடும். கதை முடிந்தது.

மல்டிகிரேடு ஆயிலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சூட்டிலும் கெட்டியாக இருப்பதற்காக அதில் நீளமான பாலிமர் சங்கிலிகளைக் கலக்கிறார்கள். பேரிங் இடுக்கிலும் கியர் பற்களுக்கு நடுவிலும் நசுங்கி நசுங்கி அந்தச் சங்கிலிகள் அறுந்துபோகும். 50 என்று வாங்கிய ஆயில் நாளாக நாளாக 40 மாதிரி நடந்துகொள்ளும்.

அதனால்தான் கார் இன்ஜினை விமானமாக்குகிறவர்கள் முதல் வேலையாக ஒரு ஆயில் கூலரைப் பொருத்துகிறார்கள். பீட்டில் இன்ஜினில் ரெண்டரை லிட்டர் ஆயில்தான். காரில் அதுக்கு வலைச் சல்லடை மட்டும்தான், ஃபில்ட்டரே கிடையாது. விமானத்துக்குப் போகும்போது ஃபில்ட்டர் சேர்ப்பதும் வழக்கம். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது ஆயில் சேம்பரில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சிவிட்டால் உலகத்திலேயே காஸ்ட்லியான ஆயிலும் வேஸ்ட்.

'அப்போ ஆயிலை எவ்வளவு குளிர்ச்சியா வைக்கிறோமோ அவ்வளவு நல்லதா?' அதுவும் கூடாது. இன்ஜின் எரிக்கிற ஒவ்வொரு சொட்டு பெட்ரோலும் தண்ணீரை உண்டாக்குகிறது. அதில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். குட்டி விமானங்களில் பிரபலமான ரோட்டாக்ஸ் 912 இன்ஜினுக்கு 90 முதல் 110 டிகிரிதான் சரியான ஆயில் சூடு. பறக்கிற நாளில் ஒரு முறையாவது 100 டிகிரியைத் தொடுவது நல்லது என்பது அதன் கணக்கு. கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. கிட்டத்தட்ட நம்ம ஃபில்டர் காபி கேஸ்!

விமான ஆயிலையே ஊத்திட்டா?

'விமானத்துக்குப் போகுது, விமான ஆயிலையே ஊத்துவோம். சிம்பிள்!' இப்படித்தான் முதலில் யாருக்கும் தோணும். ஆனால், பாரம்பரிய விமான இன்ஜின் ஒரு தனிப்பிறவி. பெரிய பெரிய சிலிண்டர்கள். காற்றில் குளிர்பவை. சூட்டில் உலோகம் விரியும் என்பதால் பாகங்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். அதில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிவது சகஜம்.

கார் ஆயிலில் கால்சியம், மக்னீசியம் மாதிரி உலோகம் கலந்த சுத்திகரிப்பு மருந்துகள் இருக்கும். எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் விமான இன்ஜினின் சிலிண்டருக்குள் படிந்து தணலாகக் கனிந்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால்தான் விமான ஆயிலில் சாம்பல் விடாத மருந்து. புது இன்ஜின் ரிங் பிடிக்கிற வரைக்கும் அந்த மருந்துகூட இல்லாத வெறும் மினரல் ஆயில் ஊற்றுவது பல விமான இன்ஜின்களுக்கு வழக்கம்.

கார் இன்ஜின் இதுக்கு நேர் எதிர். இடைவெளிகள் நெருக்கம். தண்ணீரில் குளிர்வது. வேகமாகச் சுற்றுவது. கார் ஆயிலில் இருக்கிற சுத்திகரிப்பு மருந்தையும் தேய்மானத் தடுப்பு மருந்தையும் நம்பித்தான் அதை டிசைன் செய்திருக்கிறார்கள். அதில் விமான ஆயிலை ஊற்றினால், பழகிய மருந்து எதுவும் கிடைக்காது. ஆக, வானத்துக்குப் போனாலும் கார் இன்ஜின் கார் இன்ஜின்தான். பெரும்பாலும் கார் ஆயில் குடும்பத்தில்தான் அதுக்குத் தீனி தேடணும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கு. பீட்டில், கார்வேர் மாதிரி பழைய இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் நேருக்கு நேர் சறுக்கித் தேயும். அந்த இடத்தைக் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து. ஆனால், பாஸ்பரஸ் காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு எதிரி. அதனால், 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், 5டபிள்யூ-30 மாதிரி இளகலான கிரேடுகளுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். புது காருக்கு அது நல்லது. பழைய டிசைன் இன்ஜினுக்கு 'லேட்டஸ்ட் ஆயில்' என்பதே ஆபத்தாகலாம். புதுசு எல்லாம் பெட்டர் இல்லை பாஸ்!

பெட்ரோலுக்குள்ள ஒரு வில்லன்

ஆயிலைப் பற்றிப் பேசும்போது பெட்ரோல் எங்கே வந்தது என்கிறீர்களா? இங்கேதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள்.

பிஸ்டன் விமானங்களுக்கான அவ்காஸ் 100எல்எல் பெட்ரோலில் இன்னமும் ஈயம் இருக்கு. எல்எல் என்றால் 'ஈயம் கம்மி' என்று அர்த்தம். அந்தக் 'கம்மி'யே லிட்டருக்கு 0.56 கிராம் வரை போகலாம். நம் நாட்டு ரோடுகளில் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு 2000-லேயே டாட்டா காட்டிவிட்டோம். அவ்காஸை மட்டும் 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நம் நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது.

எரிந்த ஈயத்தின் மிச்சம் ஆயிலில் இறங்கும். இன்று கடையில் கிடைக்கும் கார் ஆயில்கள் ஈயத்தைப் பார்த்தே வளராத குழந்தைகள். அதிலும் முழு சிந்தெடிக் ஆயிலுக்கு ஈயக் கசடைக் கரைத்துப் பிடித்துவைக்கும் திறமை குறைவு. இதை உலகத்துக்கே பாடமாகச் சொன்னது மொபில் கம்பெனியின் 'ஏவி-1'. விமானங்களுக்கென்றே வந்த முழு சிந்தெடிக் ஆயில் அது. ஈயக் கசடு களிம்பு மாதிரி சேர்ந்து இன்ஜின்கள் பாழாக, 1994-ல் சந்தையிலிருந்தே வாபஸ். கேஸ், இன்ஜின் ரிப்பேர் செலவு என்று கம்பெனி பெரிய விலை கொடுத்தது. உலகத்தரம், முழு சிந்தெடிக், விமான ஆயில்... மூணு பட்டமும் இருந்தும் ஃபெயில். காரணம், இன்ஜின் என்ன குடிக்கிறது என்பதை ஆயில் தாங்கவில்லை.

அதனால், அவ்காஸில் அதிகம் ஓடும் இன்ஜினுக்கு செமி சிந்தெடிக் அல்லது மினரல் ஆயில்தான் பொதுவான வழி. சீக்கிரம் சீக்கிரம் மாற்றவும் வேணும்.

'ஈயமே இல்லாத நம்ம பங்க் பெட்ரோலை ஊத்தினா?' அங்கே வேற விருந்தாளி. 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. ரோட்டாக்ஸ் 912-க்கு அனுமதி 10 சதவீத எத்தனால் வரைதான். ஆயிலை முடிவு செய்வதற்கு முன் பெட்ரோலை முடிவு செய்யணும்.

கியர்பாக்ஸ் என்கிற பங்காளி

பல கார் இன்ஜின்கள் தங்கள் முழு பலத்தையும் காட்ட நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றாவது சுற்றணும். ப்ரொப்பல்லர் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் முனை ஒலியின் வேகத்தை நெருங்கி, வெறும் சத்தம்தான் மிஞ்சும். அதனால், நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸோ பெல்ட்டோ வேணும்.

கியர்பாக்ஸுக்குத் தனி ஆயிலா, இன்ஜின் ஆயிலேதானா? இது முக்கியமான கேள்வி. தனி என்றால் பிரச்னை இல்லை. ஒரே ஆயில் என்றால், கியர் பற்களையும் அதே ஆயில்தான் காப்பாற்றணும்.

உங்க பைக்கையே எடுத்துக்கோங்க. ஸ்ப்ளெண்டரோ பல்சரோ, இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று எழுதியிருக்கும். உரசலை ரொம்பக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மைலேஜ் ஆசையில் வம்பை விலைக்கு வாங்கியது மாதிரி.

ரோட்டாக்ஸ் 912-ம் இதே ஜாதி. அது கார் இன்ஜின் இல்லை, விமானத்துக்கென்றே செய்தது. ஆனாலும், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைக் குடிக்கின்றன. அதுக்கு கம்பெனி சொல்வது, கியரைக் காக்கும் மருந்துள்ள, பைக் வகை ஆயில். சாதாரண விமான ஆயில் கூடாது! என்.சி.சி. ஏர் விங் மாணவர்கள் பறக்கிற 'வைரஸ் எஸ்டபிள்யூ-80' மைக்ரோலைட்டில் இருப்பது இந்த 912-தான். பறப்பது விமானம், குடிப்பது பைக் ஆயிலின் சொந்தக்காரனை.

---
விளக்கெண்ணெய் விமானம்!

நம்ம ஊரில் யாரையாவது திட்டணும்னா 'போடா வெளக்கெண்ண' என்போம். முதல் உலகப் போரில் சண்டை போட்ட பல விமானங்கள் பறந்ததே விளக்கெண்ணெயில்தான். அந்தக் கால ரோட்டரி இன்ஜின்களில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகும். மினரல் ஆயில் என்றால் பெட்ரோல் அதைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது. சூட்டிலும் நன்றாக வழுக்கும். ஒரு தடவை உள்ளே போன ஆயில் திரும்பி வராது. புகையோடு வெளியே பறந்து பைலட் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்து, விழுங்கி, தரையிறங்கியதும் பைலட்டுகள் எங்கே ஓடினார்கள் என்று பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள்!

'காஸ்ட்ரால்' என்ற பெயரே 'காஸ்டர் ஆயில்' என்பதிலிருந்து 1909-ல் பிறந்ததுதான். ஆனால், விளக்கெண்ணெய் சூட்டில் பிசின் மாதிரி படியும். அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்கிற இன்ஜினுக்கு அது சரி. மற்றதுக்குச் சரிப்படாது. அந்த இன்ஜினுக்கு அந்த ஆயில்!
---

துறைமுகத்துப் பாடம்

இவ்வளவும் படித்துவிட்டு, 'நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டால், தேவனாம்பட்டினமோ, முடசல்ஓடையோ, பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலோ ஒரு நடை போய்ப் பாருங்க.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அதில் நீளமான தண்டோடு இருக்கும் லாங் டெயில் இன்ஜின்களில் பல, ஒற்றை சிலிண்டர் டீசல். கிரீவ்ஸ் கம்பெனியின் அந்த மாதிரி இன்ஜின்தான் டீசல் ஷேர் ஆட்டோக்களிலும் ஓடியது. ஆட்டோவில் நின்று நின்று ஓடுகிற இன்ஜின், படகில் ஒரே த்ராட்டிலில் கரையிலிருந்து மீன் இருக்கும் இடம் வரை ஓடுது. விசைப்படகிலும் அதே கதைதான். விமானத்துக்குப் போட்ட அதே கணக்கு: பலத்தில் பெரும்பங்கு, இடைவிடாமல், நடுவில் நிறுத்த ஓரமில்லாத இடத்தில்.

அதனால்தான் படகுக்கும் விமானத்துக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. மணிக் கணக்குதான். ஒரு சின்ன கணக்கு. காரில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறோம். சராசரி வேகம் 40 என்றால் அது 250 மணி நேரம். அதே மாதிரி இன்ஜின் விமானத்தில் ஏறினால் 25 முதல் 50 மணி நேரத்தில் ஆயிலை மாற்றுவது வழக்கம். ரோட்டாக்ஸில்கூட ஈயப் பெட்ரோல் அதிகம் குடித்தால் 25 மணி நேரம் என்று இடைவெளி குறையும். 'ஆயில் இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போடுவது, கண் பார்த்துச் சொல்கிற பொய்.

படகுக்கு இன்னொரு எதிரி, உப்புத் தண்ணீர். குளிர வைக்கும் பாதையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் ஆயிலில் தண்ணீர் கலந்து, டிப் ஸ்டிக்கில் பால் விட்ட டீ மாதிரி நிறம் வரும். அப்புறம் எந்த பிராண்டும் காப்பாற்றாது. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அன்றைய டீசல் காசு, ஐஸ் காசு, கூலி எல்லாம் போச்சு. காற்று மாறினால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடிக்கிற ரூபாய், இவ்வளவுக்கும் ஈடாகுமா?

கறுப்பு ஆயில் சொல்லும் கதை

சரி, நாம் தேர்ந்தெடுத்த ஆயில் சரிதான் என்று எப்படித் தெரியும்? ஊற்றும்போது தெரியாது. வடிக்கும்போதுதான் தெரியும்!

வடித்த ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் எடுத்து லேப்புக்கு அனுப்பினால் ரத்தப் பரிசோதனை மாதிரி ரிப்போர்ட் வரும். இரும்பு கூடியிருந்தால் சிலிண்டரோ கேமோ தேயுது. செம்பு கூடினால் பேரிங், புஷ் பக்கம் பார்க்கணும். சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்ட்டர் வழியாக மண் போகுது. சோடியம் என்றால் கூலன்ட்டோ கடல் தண்ணீரோ உள்ளே வந்திருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நாலைந்து தடவை வரிசையாகப் பார்த்து, எது ஏறுகிறது என்று கவனிக்கணும். பழைய ஃபில்ட்டரை அறுத்து விரித்துப் பார்ப்பதும் விமான மெக்கானிக்குகளின் கட்டாயப் பழக்கம். பளபளவென்று தூள் இருந்தால் அடுத்த ஃப்ளைட் கேன்சல்.

இதில் நமக்கு ஒரு மினி பிராஜெக்ட்டே இருக்கு. ஓடிய ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து ஃபில்ட்டர் பேப்பரில் வைத்து ஒரு நாள் காயவிடுங்க. கறுப்பு நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை மெல்ல மெல்லப் பரவியிருந்தால், கசடைச் சுமக்கும் சக்தி ஆயிலுக்கு இன்னும் இருக்கு. நடுவில் அடர்ந்த கறுப்புப் பொட்டு, கூர்மையான ஓரத்தோடு அப்படியே நின்றுவிட்டால், ஆயில் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பைக், ஒரு பஸ், ஒரு படகு மூணிலிருந்தும் சொட்டு வாங்கி, ஓடிய மணி நேரத்தையும் பக்கத்தில் எழுதி ஒட்டிப் பாருங்க. சிதம்பரத்தில் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தே செய்யலாம். செலவு, பேப்பர் காசு மட்டும். வெறும் கையில் ஓடிய ஆயிலைத் தொடாதீங்க. மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றாதீங்க.

அதுக்காக இன்ஜினைக் கழற்றி மொட்டை மாடியில் விமானம் கட்ட ஆரம்பிச்சுடாதீங்க மக்களே! மும்பையில் வீட்டு மொட்டை மாடியிலேயே விமானம் கட்டிய அமோல் யாதவ், பல வருஷம் அலைந்து 2017-ல்தான் டிஜிசிஏவின் பதிவு வாங்கினார். அந்த அனுமதி இல்லாமல் பறப்பது சட்டப்படி குற்றம்.

---
ஆயில் வாங்கும் முன்... ஏழு கேள்விகள்!

1. இன்ஜினைச் செய்தவர், அதை மாற்றிக் கட்டிய கம்பெனி என்ன சொல்கிறார்கள்? அவர்கள் லிஸ்ட் இருந்தால் அதுதான் சட்டம். மீதி ஆறு கேள்வியும் அதைப் புரிந்துகொள்ளத்தான்.

2. எத்தனை சதவீதம் சக்தியில், எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது?

3. ஆயிலின் சூடு எவ்வளவு? கேஜ் இல்லாமல் கெட்டி எவ்வளவு வேணும் என்று முடிவு செய்ய முடியாது.

4. என்ன பெட்ரோல்? ஈயம் உண்டா, எத்தனால் எவ்வளவு?

5. கியர்பாக்ஸோ கிளட்சோ இதே ஆயிலைப் பங்கு போடுகிறதா?

6. கேம், டேப்பெட் பழைய சறுக்கும் டிசைனா, உருளும் டிசைனா?

7. அடிக்கடி ஓடுமா, மாசக்கணக்கில் நிற்குமா?

எக்ஸ்ட்ரா டிப்ஸ்: 'இதை ஒரு மூடி ஊத்துங்க, இன்ஜின் புதுசாயிடும்' என்று விற்கும் பாட்டில்களைச் சொந்த யோசனையில் கலக்காதீங்க. ஆயிலின் மருந்துக் கலவை ஏற்கெனவே அளந்து போட்டது.
---

ஆக, 'கார் ஆயிலா, விமான ஆயிலா?' என்ற கேள்வியே பாதி தப்பு. இன்ஜினின் பெயரைச் சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும். அது என்ன வேலை பார்க்குது, என்ன குடிக்குது, ஆயிலை யாரோட பங்கு போடுது... இந்த மூணையும் சொன்னால்தான் முழுப் பதில். பீட்டிலுக்கு ஒண்ணு, மெர்சிடிஸ் டீசலுக்கு ஒண்ணு, ரோட்டாக்ஸுக்கு ஒண்ணு, முதுநகர் விசைப்படகுக்கு ஒண்ணு.

அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது, 'எது சீப்பு?' என்று கேட்காமல், 'என் வண்டி என்ன வேலை பார்க்குது?' என்று கேளுங்க. உங்க வண்டி பறக்காமல் இருக்கலாம். ஆனால், நைட் பன்னிரண்டு மணிக்கு ஆள் நடமாட்டமே இல்லாத பைபாஸில் நின்றுபோனால், அதுவும் கிட்டத்தட்ட நடுவானம்தான்!